எட்கர் மாப்ஸும் அந்தப் பந்தும்

போன மாதம் ஆபீஸில் இரண்டு நாள் லீடர்ஷிப் டிரெயினிங். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கண் சொக்கிக்கொண்டிருந்த நேரம். டிரெயினர் ஒரு ஸ்லைடு போட்டார். பதுங்குகுழியின் விளிம்பில் ஒரு ராணுவ அதிகாரி ரக்பி பந்தை எதிரிப் பக்கம் உதைக்கிறார், பின்னால் துப்பாக்கியோடு சிப்பாய்கள் ஏறி ஓடுகிறார்கள். இவர்தான் எட்கர் மாப்ஸ், இங்கிலாந்து ரக்பி கேப்டன், பந்தை உதைத்துவிட்டு முதல் ஆளாகப் பின்னால் ஓடியவர், தலைவன் என்றால் இப்படித்தான் முன்னால் போகணும் என்றார். கைதட்டல். அடுத்த ஸ்லைடு அணில் பற்றியது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ரக்பி பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் முதல் உலகப்போர் பற்றி ஏழெட்டு வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தில் ஏதோ இடித்தது. வீட்டுக்கு வந்து நோண்ட ஆரம்பித்தேன், மூன்று வாரம் போனது. இந்தப் பதிவு அதன் விளைவு. மாப்ஸைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவர் கதையை ஒரு பந்துக்குள் சுருட்டிவிட்டவர்கள் மேல்தான் என் புகார்.

முதலில் ஆள் யார்? எட்கர் ராபர்ட் மாப்ஸ், 1882 ஜூன் 29-ல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் பிறந்தவர். பெட்ஃபர்ட் மாடர்ன் ஸ்கூலில் படிப்பு. பிழைப்புக்குக் கார் வியாபாரம். அந்தக் காலத்தில் ரக்பி ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது, எல்லாரும் ஒரு வேலையை வைத்துக்கொண்டுதான் ஆடவேண்டும். சின்னச் சின்ன உள்ளூர் அணிகளில் ஆடிவிட்டு 1905-ல் நார்தாம்ப்டன் கிளப்புக்கு வந்தார். உயரமான ஆள், விங்கில் ஆடுவார். விங் என்றால் மைதானத்தின் ஓரத்தில் நின்று, பந்து கைக்கு வந்ததும் கோட்டை நோக்கிப் பறக்கவேண்டிய இடம். தடுக்க வருபவனைக் கையை நீட்டித் தள்ளிவிட்டு ஓடுவதற்கு ஹேண்ட் ஆஃப் என்று பெயர். அதில் மாப்ஸ் பேர் போனவர். கிளப்புக்கு 234 ஆட்டம், 177 ட்ரை. ட்ரை என்பது பந்தை எதிராளியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது. கிரிக்கெட் ஆட்கள் புரிந்துகொள்ள வேண்டுமானால், நாலு ஆட்டத்துக்கு மூன்று ட்ரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1907 முதல் 1913 வரை அந்த கிளப்பின் கேப்டனும் அவரே.

இங்கிலாந்துக்கு ஆடியது வெறும் 7 ஆட்டம். இந்த எண்ணை வைத்து அவரைச் சுமாரான ஆள் என்று முடிவு கட்டிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. 1909 ஜனவரி 9, லண்டன் பக்கம் பிளாக்ஹீத்தில் ஆஸ்திரேலியாவோடு ஆட்டம், மாப்ஸுக்கு முதல் சர்வதேசப் போட்டி. இங்கிலாந்து 9-3 என்று தோற்றது. அந்த 3 புள்ளி மாப்ஸின் ட்ரை. அதே சுற்றுப்பயணத்தில் அதே ஆஸ்திரேலியாவை லெஸ்டரில் மிட்லண்ட்ஸ் கூட்டு அணி 16-5 என்று அடித்தது. அந்த அணிக்கு கேப்டன் மாப்ஸ். இங்கிலாந்து மண்ணில் அந்தச் சுற்றுப்பயணக்காரர்கள் இங்கிலாந்து அணி ஒன்றிடம் தோற்றது அந்த ஒருமுறைதான். மற்ற தோல்வியெல்லாம் வேல்ஸ்காரர்களிடம்.

அடுத்த வருஷம், 1910 ஜனவரி, ட்விக்கன்ஹாம் மைதானத்தில் முதல் சர்வதேச ஆட்டம். இங்கிலாந்து வேல்ஸை ஜெயித்தது. அணியில் மாப்ஸ் இல்லை. அயர்லாந்து ஆட்டத்துக்குத் திரும்ப எடுத்தார்கள். மார்ச்சில் பாரிஸில் பிரான்ஸோடு ஆட்டம், அதற்கு மாப்ஸ்தான் கேப்டன். 11-3 வெற்றி. அடுத்து ஸ்காட்லாந்து. ஜெயித்துக் கொடுத்த கேப்டனைத் தூக்கிவிட்டு ஜான் பர்க்கெட்டிடம் கேப்டன் பதவியைக் கொடுத்தார்கள். அதோடு மாப்ஸின் இங்கிலாந்து ஆட்டம் முடிந்தது. அந்த வருஷம் இங்கிலாந்து சாம்பியன்ஷிப்பை வாங்கியது, 1892-க்குப் பிறகு முதல்முறையாக.

இந்த ஜான் பர்க்கெட் யார் தெரியுமா? 1871-ல் எடின்பரோவில் நடந்த உலகின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டத்தில் இங்கிலாந்துக்காக முதல் ட்ரை போட்ட ரெஜ் பர்க்கெட்டின் மகன். நல்ல ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனாலும் லண்டன் கிளப்புகளில் ஆடுபவன் கண்ணில் படுவதுபோல நார்தாம்ப்டன் கார் வியாபாரி தேர்வுக் குழுவின் கண்ணில் படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், அவ்வளவுதான்.

சரி, போருக்கு வர்றேன்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கும்போது மாப்ஸுக்கு 32 வயது. அதிகாரியாகச் சேர விண்ணப்பித்தார், வயது அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். சேர்ந்த கையோடு, தன்னோடு வாருங்கள் என்று ஊரில் அழைப்பு விடுத்தார். சில நாட்களுக்குள் 250 பேருக்கு மேல் வந்து நின்றார்கள். ரக்பி ஆடியவர்கள், ரக்பி பார்த்தவர்கள், பார்த்தவர்களின் தம்பிகள். நார்தாம்ப்டன்ஷயர் ரெஜிமெண்டின் 7-வது பட்டாலியனில் அவர்களைத் தனிக் கம்பெனியாகவே வைத்தார்கள். ஊர் வைத்த பெயர் 'மாப்ஸ் ஓன்', அதாவது மாப்ஸின் ஆட்கள். வயதாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்டவர் சார்ஜென்ட் ஆனார், அதிகாரி ஆனார், 1916-ல் அந்த முழு பட்டாலியனுக்கே தலைவரானார். 1917-ல் டி.எஸ்.ஓ. விருது. சிப்பாயிலிருந்து லெஃப்டினென்ட் கர்னல் வரை, மூன்று வருஷத்துக்குள்.

இப்போது அந்தப் பந்து. ஒரு பக் ரிப்போர்ட் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது எப்போது, எங்கே, எந்தச் சூழலில் என்றுதான். மாப்ஸ் பந்து உதைத்த கதையைச் சொல்லும் எந்த இடத்திலும் இந்த மூன்றுக்கும் பதில் எனக்குக் கிடைக்கவில்லை. எப்போதும் 'தன் ஆட்களைத் தாக்குதலுக்கு அழைத்துச் செல்லும்போது பந்தை உதைப்பாராம்' என்ற மாதிரிதான். அந்த 'ராம்' விகுதியில்தான் முழுக் கதையும் தொங்குகிறது.

அவருடைய பட்டாலியன் கலந்துகொண்ட பெரிய சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்திப் பார்த்தேன்.

முதலாவது 1915 செப்டம்பர், லூஸ். இவர்கள் பிரான்ஸுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத புது ஆட்கள். 73-வது பிரிகேடில் இருந்தார்கள். அந்த பிரிகேடை இரவோடு இரவாக ஃபாஸ் 8 என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு அனுப்பி, ஏற்கெனவே பிடித்திருந்த இடத்தைக் காப்பாற்றச் சொன்னார்கள். பழக்கமில்லாத இடம், இருட்டு, ஜெர்மன் எதிர்த்தாக்குதல். அங்கே இவர்கள் வேலை பிடித்த குழியை விடாமல் இருப்பது. வரிசையாக நின்று விசில் ஊதியதும் ஏறி ஓடும் காட்சி அதில் இல்லை.

இரண்டாவது 1916 ஆகஸ்ட், சோம் களத்தில் கீமோன் கிராமம். அங்கே ஒரு கல்குவாரிப் பக்கம் 7-வது பட்டாலியன் நேரடியாகத் தாக்கியது. பந்து உதைக்க ஏதாவது வாய்ப்பு உண்டு என்றால் இங்கேதான். ஆனால் அப்போது மாப்ஸ் பட்டாலியன் தலைவர். பட்டாலியன் தலைவரின் இடம் பின்னால், தகவல் வந்து சேரும் இடத்தில். முதல் அலையில் அவர் இருக்கக்கூடாது என்பது அன்றைய நடைமுறை. அந்தச் சண்டையில் அவருக்குக் குண்டுச் சிதறல் பட்டுக் காயம்.

மூன்றாவது 1917 ஜூலை 31, மூன்றாம் ஈப்ரா சண்டையின் முதல் நாள். அதில்தான் அவர் இறந்தார். பெரும்பாலான சித்திரங்கள், எங்கள் டிரெயினர் காட்டியது உட்பட, இந்த நாளைத்தான் மனதில் வைத்து வரைந்தவை. தாக்குதல் தொடங்கிய நேரம் விடிகாலை 3.50. தாழ்வான மேகம், கும்மிருட்டு, முன்னால் நகர்ந்துகொண்டே போகும் பீரங்கிக் குண்டுமழை. உதைத்த பந்து எங்கே போனது என்று உதைத்தவனுக்கே தெரியாது!

பந்து உதைத்த சம்பவங்கள் போரில் நிஜமாகவே நடந்திருக்கின்றன, அதையும் சொல்லணும். லூஸில் 1915 செப்டம்பர் 25 அன்று லண்டன் ஐரிஷ் ரைஃபிள்ஸைச் சேர்ந்த ஃபிராங்க் எட்வர்ட்ஸ் பந்தைக் கொண்டுபோனார். சோம் சண்டையின் முதல் நாள், 1916 ஜூலை 1, ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டின் 8-வது பட்டாலியன் கேப்டன் நெவில், மோந்தபான் எதிரே தன் கம்பெனிக்குப் பந்துகள் கொடுத்து உதைத்துக்கொண்டே போகச் சொன்னார், அன்றே செத்தார். இவை இரண்டுக்கும் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பந்துகளையே தேடி எடுத்து ஊருக்குக் கொண்டுவந்து பாதுகாத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? அவை ரக்பி பந்துகள் இல்லை. சாதாரண உருண்டைக் கால்பந்துகள். கால்பந்தாட்டக்காரர்களின் கதைதான் வடிவம் மாறி, முட்டை வடிவப் பந்தாகி, ரக்பிக்காரர் காலடியில் வந்து விழுந்திருக்கிறது என்பது என் வாதம். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1914-ல் போர் தொடங்கியதும் ரக்பி யூனியன் ஆட்டங்களை நிறுத்தியது. தொழில்முறைக் கால்பந்து லீக் 1915 வசந்தம் வரை நடந்தது. நாடு சாகும்போது இவர்கள் காசுக்குப் பந்து உதைக்கிறார்களே என்று பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. ஒரு ஆள்சேர்ப்புப் போஸ்டர்கூட வந்தது. ரக்பி யூனியன் ஆட்டக்காரர்களில் 90 சதவீதத்துக்கு மேல் படையில் சேர்ந்துவிட்டார்கள், மற்ற விளையாட்டுக்காரர்களே நீங்கள் எப்போது என்று கேட்கும் போஸ்டர். இப்படி உத்தம விளையாட்டு என்று பெயர் வாங்கிய ரக்பிக்கு ஒரு உத்தம நாயகன் வேண்டும், அந்த நாயகனுக்கு ஒரு பந்து வேண்டும். பந்து கால்பந்துக்காரர்களிடம் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

ஹென்றி நியூபோல்ட் எழுதிய விட்டாய் லம்பாடா கவிதையையும் இங்கே சேர்த்துப் பார்க்கணும். பள்ளிக்கூடக் கிரிக்கெட் மைதானத்திலிருந்து நேராகப் பாலைவனப் போர்க்களத்துக்குத் தாவி, இரண்டும் ஒரே ஆட்டம்தான் என்று சொல்லும் கவிதை. 1890-களில் எழுதியது. 1914-ல் சண்டைக்குப் போன அதிகாரிகளில் பலர் பள்ளியில் அதை மனப்பாடம் செய்தவர்கள். பந்தை உதைத்தபடி மெஷின் கன் முன்னால் ஓடும் மாப்ஸ் அந்தக் கவிதைக்கு வரைந்த படம் மாதிரியே இருப்பதில் ஆச்சரியம் என்ன? கவிதை முதலில் வந்துவிட்டது, ஆளைப் பிறகு அதில் பொருத்தினார்கள்.

சரி, அப்போ 31-ஆம் தேதி உண்மையில் நடந்தது என்ன?

ஷ்ரூஸ்பரி காடு என்று பிரிட்டிஷார் பெயர் வைத்த இடம், ஸிலபெக் கிராமத்துக்குப் பக்கம். பெயர்தான் காடு, மரமெல்லாம் குச்சிகளாக நின்ற சேற்றுநிலம். ஜூன் மாதம் மெசீன் சண்டையில் மறுபடி காயம்பட்ட மாப்ஸ், அதிலிருந்து தேறித் திரும்பியிருந்தார். தாக்குதல் போனது, ஒரு மெஷின் கன் கூட்டை உடைக்க முடியாமல் நின்றுபோனது. முன்னால் போன அதிகாரிகள் விழுந்துகொண்டிருந்தார்கள். பின்னால் இருந்திருக்கவேண்டிய மாப்ஸ் முன்னால் போனார். அந்த மெஷின் கன்னை நோக்கிப் போனவர், அதிலிருந்து சில பத்து அடி தூரத்தில் கழுத்தில் குண்டு பாய்ந்து விழுந்தார். ஒரு குண்டுப் பள்ளத்துக்குள் கிடந்தபடி ஒரு தாள் எடுத்து, அந்த மெஷின் கன் இருக்கும் இடத்தின் வரைபட எண்ணை எழுதினார். கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று கேட்டார். தான் படுகாயம் பட்டதையும் குறித்தார். தகவல் கொண்டு ஓடும் சிப்பாயிடம் அதைக் கொடுத்து அனுப்பினார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. வயது 35.

இதை வாசித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. என் பிழைப்பு மென்பொருள். நடுராத்திரி சர்வர் விழுந்தால் யார் என்ன எழுதி வைக்கிறார்கள் என்பதை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். 'வேலை செய்யவில்லை, உடனே பாருங்கள்' என்று எழுதுபவர்கள்தான் அதிகம். எங்கே விழுந்தது, அடுத்து என்ன தேவை என்று எழுதத் தெரிந்தவர் பத்தில் ஒருவர், அதுவும் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு. கழுத்தில் குண்டோடு ஒருவர் வரைபட எண்ணை எழுதியிருக்கிறார். அது பின்னால் வருபவனுக்காக எழுதியது. தன்னைப் பற்றிய விவரம் அதில் ஒரு உபதகவல்.

இந்தத் தாள் கையில் இருக்கும்போது எதற்குய்யா பந்து?

அவர் முன்னால் போனது சரியா என்ற கேள்வியும் இருக்கிறது. டிரெயினர் இதைத்தான் புகழ்ந்தார். நான் அவ்வளவு சுலபமாகப் புகழமாட்டேன். பட்டாலியன் தலைவர் விழுந்தால் கிட்டத்தட்ட ஆயிரம் பேர் கொண்ட அமைப்பின் நினைவாற்றல் விழுகிறது. எந்தக் கம்பெனி எங்கே நிற்கிறது, அடுத்த பட்டாலியனோடு தொடர்பு எங்கே அறுந்தது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அதனால்தான் அவரைப் பின்னால் நிற்கச் சொல்லி நடைமுறை வைத்தார்கள். டீம் லீட் தானே புரொடக்‌ஷனுக்குள் இறங்கிக் கமாண்ட் அடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஒன்று, பிரச்சினை தீரும். இல்லாவிட்டால் அதற்கப்புறம் பெரிய படத்தைப் பார்க்க ஆள் இருக்கமாட்டார்கள். ஆகவே ராணுவக் கணக்கில் பார்த்தால் அது தப்பு என்றே நினைக்கிறேன். அந்தத் தப்பைப் புரிந்துகொள்ளவும் முடிகிறது. முன்னால் செத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் 1914-ல் அவர் பெயரைக் கேட்டு வந்து நின்றவர்கள்.

எனக்கு இந்தக் கதையில் நெஞ்சில் குத்துவது அந்த இடம்தான். அந்த 250 பேரும் ராஜாவுக்காகவோ பெல்ஜியத்துக்காகவோ மட்டும் வரவில்லை. சனிக்கிழமை மதியம் ஃபிராங்க்ளின்ஸ் கார்டன்ஸ் மைதானத்தில் ஓரமாக ஓடி ட்ரை போட்ட ஆளுக்காக வந்தார்கள். அவர்களில் உயிரோடு மீண்டவர்கள் 85 பேர் என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். ஒரு விங் ஆட்டக்காரரின் புகழ் ஒரு ஊரின் இளைஞர்களில் அத்தனை பேரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. மாப்ஸ் அவர்களை அனுப்பிவிட்டு ஊரில் உட்காரவில்லை, மூன்று வருஷம் கூடவே இருந்தார், காயம்பட்டுக் காயம்பட்டுத் திரும்பி வந்தார். அந்த மூன்று வருஷம் முழுக்க அந்தக் கணக்கு அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்காதா? பந்துக் கதையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அதில் எல்லாரும் சந்தோஷமாக ஓடுகிறார்கள்.

1921-ல் நார்தாம்ப்டன் சந்தைச் சதுக்கத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்தார்கள். பிறகு 1937-ல் ஆபிங்டன் சதுக்கத்துக்கு மாற்றினார்கள். ஆல்ஃபிரட் டர்னர் செய்தது. மாப்ஸின் மார்பளவுச் சிலை, உச்சியில் புகழ் தேவதை, பக்கங்களில் புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில் ரக்பி ஆட்டம், இன்னொன்றில் போர்க்களம். படங்களில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், சிற்பி நியாயமாகவே நடந்துகொண்டிருக்கிறார். இரண்டையும் தனித்தனிப் பலகையில் வைத்தார். ரக்பி பலகையிலிருந்து பந்தைத் தூக்கிப் போர்ப் பலகைக்குள் போட்டது பின்னால் வந்த நாம்தான். உடல் கிடைக்காததால் பெல்ஜியத்தில் மெனின் வாசலில், அவரைப்போலவே கல்லறை இல்லாத 54,000-க்கும் மேற்பட்டவர்களோடு அவர் பெயரும் இருக்கிறது.

அதே 1921-ல் அவர் நினைவாக ஆண்டுதோறும் ஒரு ஆட்டம் தொடங்கியது. பார்பேரியன்ஸ் அணிக்கும் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் அணிக்கும். நடுவில் இரண்டாம் உலகப்போர் வந்துபோனது, ரக்பி சம்பள ஆட்டமாக மாறியது, ஆனாலும் 2011 வரை இந்த ஏற்பாடு ஓடியது. 2012-லிருந்து பிரிட்டிஷ் ராணுவ அணி ஒரு வருஷம் பெட்ஃபர்டோடும் ஒரு வருஷம் நார்தாம்ப்டனோடும் ஆடுகிறது. பந்துக் கதையைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. மைதானத்தில்தான் பந்து உதைக்கிறார்கள்.

டிரெயினருக்கு இதையெல்லாம் சுருக்கி ஒரு மெயில் போட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன். ஸ்லைடை எடுக்கவேண்டாம், பந்துக்குப் பதிலாக அந்தத் தாளைப் போடுங்கள் என்று கேட்டேன். நன்றி, மிகவும் சுவாரசியமான தகவல் என்று பதில் வந்தது. போன வாரம் அடுத்த பேட்சுக்குப் பயிற்சி நடந்தது. என் டீம் பையன் ஒருவன் போயிருந்தான். என்னப்பா, ரக்பி ஸ்லைடு வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு சார், பந்தை உதைக்கிற மாதிரி அனிமேஷன் போட்டிருந்தார், செமயா இருந்துச்சு" என்றான்.